காய்ச்சல் ஊசி

என் அத்தானுடைய பெயரை அவர் வேலை பார்க்கும் கட்டிடத்தில் கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று முழிப்பார்கள். 'மேலேயா' எங்கே என்று கேளுங்கள், "அதோ, லிஃப்டுக்குள்ள இருப்பார்" என்று கை காட்டுவார்கள். கம்பிக் கதவை இழுத்துத் திறந்ததும் அவர் எல்லோரையும் கேட்கிற கேள்வி அது: "மேலேயா?" தரைத்தளத்தில் நிற்கிறவர்கள் மேலே போகாமல் பாதாளத்துக்கா போகப்போகிறார்கள் என்று நான் ஒருதரம் கேட்டேன். "ஒரு மரியாதைக்குக் கேக்குறதுதான், சின்னவளே. கேட்டாத்தான் நம்மளையும் ஒருத்தன் மதிக்கிறான்னு ஏறுறவங்களுக்குத் தோணும்" என்றார். அப்படிப்பட்ட மனிதர். வாயைத் திறந்தால் மரியாதைதான் வரும். அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது, அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அந்த லிஃப்ட் பழைய லிஃப்ட். பொத்தானை அழுத்தினால் போகாது. பித்தளைக் கைப்பிடி ஒன்று இருக்கிறது, வலது பக்கம் தள்ளினால் ஏறும், இடது பக்கம் தள்ளினால் இறங்கும், சரியான நேரத்தில் நடுவுக்குக் கொண்டுவந்தால்தான் தளத்தோடு தளமாக நிற்கும். கொஞ்சம் பிசகினால் ஒரு சாண் மேலேயோ கீழேயோ நின்று, இறங்குகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். அத்தான் ஓட்டும்போது யாரும் தடுக்கியதில்லை. டீக்கடைக்காரர் தட்டு நிறைய கிளாஸ்களோடு ஏறி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஆறாவது மாடியில் இறங்குவார். வக்கீல் அறைகள், டியூஷன் சென்டர், கண்ணாடிக் கடையின் கிடங்கு, நாலாவது மாடியில் ஒரு டாக்டர். நாலாவது மாடிக்குப் போகிறவர்கள் எல்லாரும் இருமிக்கொண்டேதான் ஏறுவார்கள். ஊரில் இருக்கிற இருமல் முழுக்க அந்தப் பெட்டிக்குள் ஏறி இறங்கும். அதற்கு நடுவில் ஒரு ஸ்டூல், ஸ்டூலின் மேல் அத்தான்.

நான் அவருடைய மச்சினி. அக்காவுக்கு இளையவள், கல்யாணம் வேண்டாமென்று விட்டவள், அவர்கள் வீட்டிலேயே இருக்கிறவள். ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஒரு ஒற்று விட்டுப்போனால்கூட அச்சுக் கோக்கிறவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன். கோபம் எனக்கு மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். "அது கீழ இறங்குறதுக்கு ஒரு லிஃப்ட் வைக்கணும்" என்று அத்தான் கிண்டல் பண்ணுவார்.

அக்கா என்னைவிட வாய்க்காரி. ஆனால் அவள் பேச்சில் யாருக்கும் காயம் படாது. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், கடைசியில் அத்தான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி நழுவினார்கள். இவர் யாரிடமும் கேட்கவே இல்லை, சட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் சண்டை வந்தால் அக்கா விட்டுக்கொடுத்துவிடுவாள். "என்ன பண்றது, உள்ள உக்காந்துக்கிட்டு உங்க கிட்னி உங்களுக்கே சப்போர்ட் பண்ணுது" என்பாள். அத்தானுக்கு வெட்கம் வந்துவிடும், எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

கொடுத்த உறுப்பை உடம்பு ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரை. அதனால் எங்களுக்குச் சாதாரணமாக வந்து போகிற சளி, காய்ச்சல் எல்லாம் அக்காவுக்கு உயிருக்கு உலை. அதைவிடப் பெரிய கவலை வேறொன்றுமில்லை எங்கள் வீட்டில். சமையல், துணி, வேலை, தூக்கம் எல்லாமே அவளைக் காய்ச்சல் தொடாமல் பார்த்துக்கொள்வதைச் சுற்றித்தான் நடந்தது.

குளிர் தொடங்கினால் அத்தான் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி ஆகிவிடுவார். லிஃப்டில் நாள் முழுக்க முகக்கவசம். வந்ததும் பின்பக்கமாகப் போய்க் குளித்து, துணியை ஊறப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அப்போதும் முன்னறையோடு சரி. அக்கா உள்ளறையில், இவர் முன்னறையில், நடுவில் திறந்த கதவு வழியாக இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசிக்கொள்வார்கள். "இதுக்குப் பேருதான் தாம்பத்தியமா?" என்று அக்கா அங்கிருந்து கேட்பாள். "உனக்கு உயிரு வேணுமா வேணாமா?" என்று இவர் இங்கிருந்து கேட்பார்.

போன வருஷம் குளிர் தொடங்கும் முன்பே பெரிய ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்க்கிற டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார்கள். "இந்தத் தடவை காய்ச்சல் கொஞ்சம் மோசமா இருக்கும்னு சொல்றாங்க. இவங்களுக்கு இன்னிக்கே தடுப்பூசி போட்டுடறோம். ஆனா இவங்க சாப்பிடுற மாத்திரைக்கு, ஊசி போட்டாலும் முழுசா வேலை செய்யும்னு சொல்ல முடியாது. கூட இருக்கிறவங்க எல்லாரும் போட்டுக்கணும். நீங்கதான் இவங்களுக்கு வேலி." பிறகு அத்தானைப் பார்த்து, "முதல்ல நீங்க. லிஃப்டுல நிக்கிறவர் நீங்கதானே?" என்றார்கள். நோயாளிகளுக்கு மட்டும்தான் அங்கே மருந்து இருந்தது. மற்றவர்கள் வெளியில் எங்கேயாவது போட்டுக்கொள்ள வேண்டும்.

டாக்டரம்மா சொன்னது தடுப்பூசி. அறையை விட்டு வெளியே வந்ததும் அது ஊசியாகிவிட்டது. பஸ் ஏறும்போது காய்ச்சல் ஊசி ஆகிவிட்டது. வீட்டில் யார் தடுப்பூசி என்று வாய் நிறையச் சொல்கிறார்கள்? நாங்களும் சொல்லவில்லை. "காய்ச்சல் ஊசி போட்டியா?" "நாளைக்குப் போட்டுக்கிறேன்." இப்படித்தான். நான் மறுநாள் அச்சகத்துக்குப் பக்கத்திலிருந்த சிறு மருத்துவமனையில் போட்டுக்கொண்டேன். கையில் போட்டார்கள், இரண்டு நாள் கை கனத்தது.

அத்தான் தன் கட்டிடத்திலேயே போட்டுக்கொள்கிறேன் என்றார். நாலாவது மாடி டாக்டர் அவருக்கு அத்தனை பழக்கம். காலையில் லிஃப்டில் ஏறும்போதே இவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். "டாக்டர், காய்ச்சல் ஊசி ஒண்ணு போட்டுக்கணும்." டாக்டர், "மத்தியானம் வாப்பா" என்று இறங்கிவிட்டார். மத்தியானம் அங்கே போனால் ஈ நுழைய இடமில்லாத கூட்டம், எல்லாம் காய்ச்சல்காரர்கள். வரிசையில் நிற்கப்போன இவரை டாக்டர் அறைக்குள்ளிருந்தே பார்த்துவிட்டார். "அவரை ஏம்மா நிக்க வைக்கிறே, நம்ம மேலேயா. காய்ச்சல் ஊசி போட்டு அனுப்பு" என்று நர்ஸுக்குக் குரல் கொடுத்தார். நர்ஸ் புதுசு. "உடம்பு சூடா இருக்காய்யா?" என்று கேட்டிருக்கிறாள். இவர், "அந்தப் பெட்டிக்குள்ள நின்னா யாருக்கும்மா சூடா இருக்காது?" என்றிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி நிற்கச் சொல்லி, இடுப்பில் போட்டுவிட்டாள்.

இதையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்று சாயங்காலம் அவரே வரிக்கு வரி சொன்னார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். மத்தியானத்திலிருந்து ஸ்டூலில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே லிஃப்ட் ஓட்டினாராம்.

"எனக்குக் கையிலதானே போட்டாங்க?" என்றேன் நான்.

"அக்காவுக்கும் கையிலதான். நான் லிஃப்ட் ஓட்டுறவன்ல? கை வலிச்சா கைப்பிடியத் தள்ள முடியுமா? டாக்டர் அதை யோசிச்சிருக்கார் பாரு. தங்கமான மனுஷன், சின்னவளே."

உள்ளறையிலிருந்து அக்கா, "கைக்கு வலிக்கக்கூடாதுன்னு இடுப்ப ஒடிச்சு அனுப்பியிருக்கார்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒருவர் நமக்கு நல்லது செய்தார் என்று அத்தான் முகம் மலரச் சொன்னால் அதை யார் குறுக்கு விசாரணை செய்வார்கள்?

அதற்கடுத்த நாட்களைப் போல் அந்த வீட்டில் நாட்கள் இருந்ததில்லை. டாக்டரம்மா சொன்னபடி ஊசி உடம்பில் பிடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, "வேலி போட்டாச்சு" என்று அத்தான் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். முகக்கவசத்தையும் விட்டுவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு "மேலேயா" என்றால் யாருக்கும் காதில் விழுவதில்லை, அது அவருக்கு ஒரு குறையாகவே இருந்தது. அக்காவுக்கு மாத்திரையின் உபத்திரவத்தால் கை நடுங்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டார். மாத்திரையை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். பாத்திரம் விளக்க வந்த என்னிடம் அக்கா மெதுவாக, "இந்த வருஷந்தான்டி எனக்குப் புருஷன் திரும்பக் கிடைச்சிருக்கார்" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வேலியில் ஒரே ஒரு இடம்தான் திறந்து கிடந்தது. எதிர்வீடு.

எங்களுடையது வரிசை வீடுகள், நடுவில் ஒரு நடைபாதை, அந்தப் பக்கம் ஒரு கதவு, இந்தப் பக்கம் ஒரு கதவு. எதிர்வீட்டம்மா தையல் கடைகளுக்குப் பட்டன் வைத்துக் கொடுக்கிறவர், தனி ஆள். அக்கா அவரை "ஏய் எதிர்வீடு" என்று கூப்பிடுவாள். அவரும் அக்காவை "என்ன எதிர்வீடு" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். மடியில் சட்டைகளைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாரானால் பேச்சும் பட்டனுமாகப் பொழுது போய்விடும். ஆனால் ஊசி என்று சொன்னால் போதும், அந்த அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டும். சின்ன வயதில் ஊசி போட்டு மயங்கி விழுந்தவராம்.

"நாள் பூரா ஊசியோட குடும்பம் நடத்துற, ஊசிக்குப் பயப்படுறியே, உன்ன என்னன்னு சொல்றது?" என்று அக்கா கேலி செய்தாள்.

"அது துணியில குத்துற ஊசி. துணி அழுவுதா?"

அத்தான் அவரைத் தள்ளிவைக்கவில்லை. வழக்கமான மரியாதையோடு, "ஊசி போடுற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியில உக்காந்து பேசுங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். எதிர்வீட்டம்மா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நடைபாதையில் ஒரு பலகை போட்டு, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு பட்டன் தைத்தார். ஒரே ஒரு நாள் உள்ளே வந்தார். அக்காதான் கூப்பிட்டாள். தலை சிக்குப் பிடித்துப்போயிருந்தது, அவளால் சீப்பைப் பிடிக்க முடியவில்லை, நான் வேலைக்குப் போயிருந்தேன். அத்தான் அன்று சீக்கிரம் வந்துவிட்டார். எதிர்வீட்டம்மா அக்காவின் பின்னால் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தார். சீப்பை எடுத்துக்கொண்டு போய்க் கொதிக்கிற தண்ணீரில் போட்டார்.

அந்த வாரமே அத்தான் இருமினார். நாலாவது மாடிக் கூட்டம் படிக்கட்டு வரை நின்ற வாரம் அது. லேசான இருமல், கொஞ்சம் உடம்பு வலி. அக்கா, "என்ன, தொண்டை ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள்.

"லிஃப்ட் தூசி. எனக்குத்தான் ஊசி போட்டிருக்கே."

வேறு எந்த வருஷமாக இருந்தாலும் அந்த முதல் இருமலுக்கே முன்னறைக்கு ஓடியிருப்பார், வாசலில்கூடப் படுத்திருப்பார். அந்த வருஷம் ஓடவில்லை. ஊசி போட்ட உடம்பு, ஓடுவானேன்? தொண்டையைச் செருமிக்கொண்டே அவளுக்கு ஊட்டினார்.

பிறகு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் உடம்பு சுட்டது, விடிவதற்குள் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்களை விசாரித்த இளம் டாக்டரும் ஊசி என்ற அதே சொல்லில்தான் கேட்டார். "வீட்டுல எல்லாரும் ஊசி போட்டிருக்கீங்களா?"

"போட்டாச்சுங்க" என்றார் அத்தான்.

"வந்து போறவங்க?"

அத்தான் கொஞ்சம் தயங்கினார். "எதிர்வீட்டுல ஒருத்தங்க போடல."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தத் தலையாட்டலை அத்தான் பிடித்துக்கொண்டுவிட்டார். நானும்தான். ஒரு ஆளின் மேல் பழி விழுந்துவிட்டால் மனசுக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது. அந்த அம்மா ஒருதரமாவது இருமினாரா, தும்மினாரா என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

குழாய்களுக்கு நடுவில் அக்காவைக் கடைசியாகப் பார்க்கவிட்டபோது அவளுக்குப் பேச மூச்சு இல்லை. அத்தானைப் பார்த்துக் கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். அவர் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்று தலையாட்டினார். அவர் கொடுத்த சிறுநீரகத்தோடுதான் அவள் போனாள். பாவி மனுஷன், அதை நினைத்து நினைத்து, "நல்லாத்தானே இருந்துச்சு, அது கடைசி வரைக்கும் வேலை செஞ்சுதுன்னு டாக்டர் சொன்னாரே" என்று என்னிடமே பல தடவை சொல்லிவிட்டார்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எதிர்க்கதவு திறந்து எதிர்வீட்டம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தார். வாசற்படியில் அத்தான் நின்றிருந்தார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. அன்றும் உயர்த்தவில்லை.

"உள்ள வராதீங்க. நீங்க உள்ள வந்த அந்த ஒரு நாளே போதும்."

எதிர்வீட்டம்மா முகத்தில் ஈயாடவில்லை. ஒரு கால் படியின் மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, தன் வாசலுக்குப் போய், வெளியிலேயே நின்றார். அக்காவை எடுத்துக்கொண்டு போகும்வரை அங்கேயே நின்றார், கிட்டே வரவில்லை. நான் அவரைப் பார்க்கவும் இல்லை. சரியாகச் சொன்னீர்கள் அத்தான் என்றுதான் என் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து அந்தக் கதவு எங்களைப் பார்த்துத் திறக்கவில்லை. நாங்கள் வெளியே வரும் சத்தம் கேட்டால் எதிர்வீட்டம்மா தன் கதவைச் சாத்திக்கொண்டு, நாங்கள் போனபிறகுதான் வெளியே வருவார். பட்டன் தைக்கிற பலகை ஜன்னலுக்கடியில் சுவரோடு சாய்ந்து கிடந்தது, எடுத்துக்கொண்டு போகக்கூட இல்லை. அக்கா போன கொஞ்ச நாளிலேயே அவர் தனியாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு, அங்கேயே மயங்கி விழுந்து, யாரோ கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார்கள் என்று பால் போடுகிறவர் சொன்னார். "இனிமே போட்டு என்ன, போடாம என்ன?" என்றேன். பால்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அத்தான் வேலைக்குத் திரும்பினார். "மேலேயா?" என்று கேட்டார். டீ சிந்தாமல் நிறுத்தினார். வீட்டுக்கு வந்து, பழக்கதோஷத்தில் பின்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டு, முன்னறையில் உட்காருவார். உள்ளறைக்குப் போவதில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து திடீரென்று, "நான் ஊசி போட்டிருந்தேனே, சின்னவளே" என்பார். நான், "ஆமா அத்தான், போட்டிருந்தீங்க" என்பேன். அதைக் கேட்டபிறகுதான் ஒரு வாய் இறங்கும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் நடமாடினார்.

மறுபடியும் குளிர் தொடங்கியது. இந்த வருஷம் அவருடைய கட்டிடத்தின் தரைத்தளத்திலேயே இலவச முகாம் வைத்தார்கள். லிஃப்டுக்கு எதிரில் இரண்டு மேஜை, ஒரு மறைப்புத் துணி, இரண்டு நர்ஸ்கள். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பு எங்கள் அச்சகத்தில் அடித்தது, 'பருவக் காய்ச்சல் தடுப்பூசி' என்று நான்தான் ஒற்றுகளைப் பார்த்துத் திருத்தியிருந்தேன். வேலை முடிந்து நானும் அங்கே போனேன். அத்தான் லிஃப்ட் கதவைச் சாத்திவிட்டு என்னோடு வரிசையில் நின்றார்.

அவர் முறை வந்தது. மறைப்புக்குப் பக்கத்தில் போனவர், நர்ஸுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, சட்டையை மேலே சுருட்டிக்கொண்டு இடுப்புப் பெல்ட்டை அவிழ்த்தார்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நர்ஸும் சிரித்தாள். "ஐயா, ஐயா, பெல்ட்டைப் போடுங்க. கையைக் காட்டினாப் போதும்."

அத்தானும் கூச்சத்தோடு சிரித்தார். "நான் லிஃப்ட் ஓட்டுறவம்மா. கை வலிச்சா சிரமம். போன வருஷம் நாலாவது மாடியில இடுப்புலதான் போட்டுவிட்டாங்க."

"இருக்காதுங்களே. இந்த ஊசிய யாருக்கும் இடுப்புல போடுறதில்ல. எப்பவும் கையிலதான்." அவள் பஞ்சை நனைத்துக்கொண்டே பேசினாள், அவளுக்கு என்ன தெரியும்? "போன வருஷம் உங்களுக்குக் காய்ச்சல் இருந்திருக்கும். காய்ச்சல் இறங்குறதுக்குப் போடுற ஊசி போட்டிருப்பாங்க. அது வேற, இது வேற."

அத்தான் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஓட்டையில் கம்பி நுழையவில்லை.

"இடுப்புல போடுறதே இல்லையாம்மா?"

"இல்லைங்க."

"கை வலிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாலும்?"

"ஊசி போட்டா கை வலிக்கத்தாங்க செய்யும்." அவள் அடுத்த ஆளைப் பார்த்தாள். "கையச் சுருட்டுங்க, பின்னால நிறையப் பேர் நிக்கிறாங்க."

அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். ஊசி போட்டாள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நேராக லிஃப்டுக்குப் போனார். கதவை இழுத்தார். ஆட்கள் ஏறினார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பெண், "மேலதாங்க" என்று தானாகவே சொன்னாள். பெட்டி கிளம்பி மேலே போனது. இரண்டாவது மாடியில் தடாலென்று ஒரு சத்தம், யாரோ "ஐயோ, பாத்து நிறுத்தக்கூடாதா" என்று கத்துவது கீழே கேட்டது. ஒரு சாண் கீழே நிறுத்திவிட்டார்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். ஊசி போட்டிருந்தால் மட்டும் கட்டாயம் வராமல் இருந்திருக்குமா, போட்டவர்களுக்கும் வருகிறதே, டாக்டரம்மாவே அப்படித்தானே சொன்னார்கள், போன வருஷத்து அந்தப் புது நர்ஸ் சரியாகக் கேட்டிருக்க வேண்டாமா, நாலாவது மாடி டாக்டர் தொட்டுப் பார்த்திருக்க வேண்டாமா. எல்லார் மேலும் பாய்ந்தேன். அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்குகிற இடம் வந்ததும், "நான் இருமினேன் சின்னவளே" என்றார். "இருமிக்கிட்டே ஊட்டினேன்."

நான் அவர் பின்னால் இறங்கினேன்.

வீட்டு நடைபாதையில் நான் எங்கள் கதவைத் திறக்கச் சாவியை எடுத்தேன். அவர் என் பக்கம் வரவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். எங்கள் காலடிச் சத்தம் கேட்டுச் சற்று முன்தான் சாத்திக்கொண்ட கதவு அது. ரொம்ப நேரம் உள்ளே அரவமில்லை. மறுபடி தட்டினார். எதிர்வீட்டம்மா கதவைத் திறந்தார். ஒரு கையில் சட்டை, இன்னொரு கையில் நூல் கோத்த ஊசி. அவரைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"நானும் போடலம்மா" என்றார் அத்தான்.

"எதை?"

"ஊசி. போட்டதா நெனச்சுக்கிட்டிருந்தேன். அது வேற ஊசியாம். இன்னிக்குத்தான் தெரிஞ்சது." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு இருமலே வரல. எனக்குத்தான் வந்தது. நான்தான் பக்கத்துல படுத்திருந்தேன்."

எதிர்வீட்டம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வருஷமா நான் கண்ணாடி பாத்துத் தலை வாரினது இல்ல" என்றார். "சீப்பக் கையில எடுத்தா அவ பின்னல் ஞாபகம் வரும். என் கையாலதானே போனான்னு."

அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். ஊசி போட்ட கை சரியாக மேலே எழவில்லை. எதிர்வீட்டம்மா அந்தக் கையைப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அழுகைச் சத்தம் கேட்டது.

நான் எங்கள் கதவைத் திறந்து விளக்கைப் போட்டேன். அவர் அங்கேயே நின்றிருந்தார்.

"வாங்க அத்தான். அவங்க இப்ப திறக்க மாட்டாங்க."

"தெரியும்" என்றார் திரும்பிப் பார்க்காமல். "நீ போய்ச் சாப்பிடு, சின்னவளே. நான் கொஞ்சம் நிக்கிறேன். அவங்க ஒரு வருஷம் வெளியில நின்னாங்க."